எழுத மறுக்கும் உரிமை: லண்டன் எக்ஸ்பிரஸ் சங்கக் கிளையின் மூன்று தலையீடுகள்

கேள்வி

பத்திரிகையாளர் சங்கத்தின் கிளை என்ன செய்யும்? சம்பளம் பேசும். பணி நேரத்துக்காகப் போராடும். ஆட்குறைப்பை எதிர்க்கும். வேலையிழந்தவருக்காக வழக்காடும். இதழில் என்ன வரவேண்டும், எது கூடாது என்பது ஆசிரியரின் அதிகாரம், அதற்கும் மேலே உரிமையாளரின் கொள்கை. சங்கத்துக்கு அங்கே வேலையில்லை. நிர்வாகங்கள் மட்டுமல்ல, சங்கத்துக்குள்ளேயே பலரும் இப்படித்தான் கருதி வந்திருக்கிறார்கள்.

இந்த எல்லையை லண்டனில் எக்ஸ்பிரஸ் குழும இதழ்களில் பணியாற்றிய சங்கத்தினர் 2001க்கும் 2006க்கும் இடையில் மூன்று முறை கடந்தார்கள். இரண்டு முறை தாங்கள் சம்பளம் வாங்கும் இதழின் மீதே கண்காணிப்பு ஆணையத்திடம் முறையிட்டார்கள். மூன்றாம் முறை, அச்சுக்குத் தயாராக இருந்த ஒரு பக்கம் அவர்கள் எதிர்ப்பால் நின்றுபோனது. பிரிட்டிஷ் இதழியல் வரலாற்றில் இவை சிறு நிகழ்ச்சிகளாகவே குறிக்கப்படுகின்றன. ஊடக அறம் பேசுவோர் துணிச்சலுக்கான உதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். தொழிற்சங்க வரலாறு எழுதுவோரோ பெரும்பாலும் இவற்றைத் தொடுவதில்லை. இரு சாராரும் விட்டுவிட்ட ஒரு கேள்வி உண்டு: பொய் என்றோ இழிவு என்றோ தனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுமாறு பணிக்கப்படுவது, நீண்ட பணி நேரத்தையும் குறைந்த ஊதியத்தையும் போல ஒரு வேலை நிலைமைச் சிக்கலா? ஆம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதை ஏற்றால் அக்கிளை செய்தது எல்லை மீறல் ஆகாது. தொழிற்சங்க வேலையின் மையமே அதுதான்.

சங்கமும் அதன் பணியிடக் கிளையும்

பிரிட்டனின் தேசியப் பத்திரிகையாளர் சங்கம் (என்.யூ.ஜே.) 1907இல் பர்மிங்காமில் உருவானது, அதற்கான முன்முயற்சி மான்செஸ்டர் செய்தியாளர்களிடமிருந்து வந்தது. அப்போது பத்திரிகையாளர்களுக்கு வேறோர் அமைப்பும் இருந்தது, 1890இல் அரச சாசனம் பெற்ற இதழாளர் கழகம். அதில் உரிமையாளர்களும் உறுப்பினர்கள். முதலாளியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூலி பேச முடியாது என்று கண்ட செய்தியாளர்கள் தனியே பிரிந்து தொழிற்சங்கம் கண்டார்கள். ஆக, இதன் பிறப்பு கூலிக்கான பிறப்புதான்.

ஆனால் கூலியோடு அது நிற்கவில்லை. 1936இல் தன் உறுப்பினர்களுக்கென நடத்தை நெறி ஒன்றை ஏற்றுக்கொண்டது. செய்தித்தாள் உரிமை சிலர் கையில் குவிவதை விசாரிக்க வேண்டும் என்று இரண்டாம் உலகப் போருக்குப் பின் வற்புறுத்தியதும் இதே சங்கம். அதன் விளைவாக 1947இல் அமைந்த அரச ஆணையத்தின் வழியே, 1953இல் பிரிட்டனின் முதல் பத்திரிகை மன்றம் வந்தது. ஆகவே உள்ளடக்கம் பற்றிய அக்கறை 2001இல் திடீரென்று முளைத்ததன்று.

சங்கத்தின் கட்டமைப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஊர் அல்லது வட்டார அடிப்படையில் அமைவது கிளை. ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் சேர்ந்து அமைக்கும் பணியிடக் கிளைக்கு, அச்சுத் தொழிலாளர்களிடமிருந்து வந்த பழைய பெயரான சேப்பல் என்பதே வழங்குகிறது. அதன் தலைவரை சேப்பலின் தந்தை அல்லது தாய் என்பார்கள். நிர்வாகத்தோடு நேரில் பேசுவது இந்தப் பணியிடக் கிளைதான். பக்கம் தயாராகும் அதே கட்டடத்தில், அதே மாலையில் கூட்டம் போட முடியும் என்பது அதன் தனிப் பலம். 2006இல் அந்தப் பலம் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

2001: தன் இதழின் மீதே முறையீடு

எக்ஸ்பிரஸ் குழுமத்தை ரிச்சர்ட் டெஸ்மண்ட் 2000 நவம்பரில் வாங்கினார். அந்த ஆண்டுகளில் பிரிட்டனின் சூடான அரசியல் பேச்சு தஞ்சம் கோருவோர் பற்றியது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களை லண்டனுக்கு வெளியே பல நகரங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். உணவுக்கும் உடைக்கும் பணத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். கடையில் அந்தச் சீட்டை நீட்டும்போதே இன்னார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். 2001 ஆகஸ்டில் கிளாஸ்கோவின் சைட்ஹில் பகுதியில் குர்து அகதி இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். தஞ்ச விண்ணப்பங்கள் 2002இல் உச்சத்துக்குப் போயின. குடும்பத்தினரைச் சேர்க்காத கணக்கிலேயே 84,000ஐத் தாண்டின.

தமிழ் வாசகர் இதைத் தொலைதூரச் செய்தியாகப் படிக்க வேண்டியதில்லை. 2000, 2001 ஆண்டுகளில் பிரிட்டனில் அதிகம் தஞ்சம் கோரியோரின் நாடுகள் வரிசையில் இலங்கை முன்னிடங்களுள் ஒன்றில் இருந்தது. போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்களே அவர்களுள் மிகப் பெரும்பாலோர். தஞ்சம் கோருவோரைச் சாடிய இதழ்த் தலைப்புகள் பெயர் சொல்லாமல் சுட்டிய கூட்டத்தில் நம்மவர்களும் நின்றார்கள்.

2001 ஆகஸ்டில் டெய்லி எக்ஸ்பிரஸ் நாள்தோறும் என்று சொல்லுமளவுக்குத் தஞ்சம் கோருவோருக்கு எதிரான முதல் பக்கங்களை வெளியிட்டது. பணியிடக் கிளை கூடியது. விற்பனைக்காக இப்படியொரு தொடர் பிரசாரம் நடத்தப்படுவதைக் கண்டித்தது. பத்திரிகைப் புகார் ஆணையத்திடம் தன் இதழைப் பற்றியே முறையிட்டது.

இந்த ஆணையம் 1991இல் பத்திரிகைத் துறை தானே அமைத்துக்கொண்டது. அதன் நெறித்தொகுப்பை எழுதும் குழுவில் இருந்தவர்கள் இதழாசிரியர்கள். பாகுபாடு பற்றிய விதி தனிமனிதரை மட்டுமே காத்தது. பெயர் குறிப்பிட்டு ஒருவரை அவர் இனத்துக்காக இழிவுபடுத்தினால் புகார் செய்யலாம். ஒரு கூட்டத்தையே இழிவுபடுத்தினால் அந்த விதிக்கு வாயில்லை. பாதிக்கப்பட்டவர் அல்லாத மூன்றாம் தரப்பு தரும் புகாரையும் ஆணையம் எளிதில் ஏற்காது. முறையீட்டால் இதழின் போக்கு மாறவில்லை. தஞ்சம் கோருவோரைக் குறிக்கும் சொற்களில் கவனம் வேண்டும் என்று 2003 அக்டோபரில் ஆணையம் பொதுவான வழிகாட்டுக் குறிப்பு ஒன்றை வெளியிட்டதோடு சரி.

2004: கோரிக்கை கூர்மையாகிறது

2004 மே 1இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 நாடுகள் சேரவிருந்தன. அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஜனவரியில், 16 லட்சம் ரோமா மக்கள் பிரிட்டனுக்குள் பாய்ந்து வரத் தயாராக இருக்கிறார்கள் என்ற பொருள்பட டெய்லி எக்ஸ்பிரஸ் முதல் பக்கத் தலைப்பிட்டது; அதே பாணியில் தொடர்ந்து எழுதியது. வர உரிமை பெறுவோர் வேறு, வரப்போகிறவர்கள் வேறு. செய்தியறையில் முதல் மாதம் வேலை பார்ப்பவருக்கும் தெரிந்த வேறுபாடு இது.

கிளை மறுபடியும் ஆணையத்துக்கு எழுதியது. இம்முறை அதன் அணுகுமுறையில் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. 2001இல் கிளை கேட்டது இதழின் மீதான தீர்ப்பை. 2004இல் கேட்டது எழுதுவோருக்கான பாதுகாப்பை. நெறித்தொகுப்புக்குப் புறம்பான இனவெறிக் கட்டுரையை எழுத மறுக்கும் பத்திரிகையாளர் தண்டிக்கப்படக் கூடாது என்று நெறித்தொகுப்பிலேயே ஒரு மனச்சாட்சி விதி சேர்க்கவேண்டும் என்பது கோரிக்கை.

ஆணையம் மறுத்துவிட்டது. இது முதலாளிக்கும் பணியாளருக்கும் இடையிலான விஷயம், தன் வரம்பில் வராது என்பது காரணம். அந்தப் பதில் எதை ஒப்புக்கொள்கிறது என்பதைப் பாருங்கள். எழுத மறுப்பது முதலாளி–பணியாளர் உறவைச் சார்ந்த விஷயம் என்றால், அது வேலை நிலைமைதான். வேலை நிலைமை என்றால் அது தொழிற்சங்கத்தின் களம்தான். கிளையை விரட்ட எடுத்த வாதமே கிளையின் உரிமைக்குச் சான்றாகிவிட்டது.

இதைவிட ஆழமான முரண் இன்னொன்று. நெறித்தொகுப்பைப் பணி ஒப்பந்தங்களில் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையமே பதிப்பகங்களை ஊக்குவித்து வந்தது. அப்படிச் சேர்த்த இடங்களில் நெறியை மீறினால் செய்தியாளர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். மேலிடம் சொன்னதால் மீறினாலும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஆனால் மீற மறுத்தால் அவரைக் காக்க ஒரு வரி கிடையாது. கீழே இருப்பவர் மீது மட்டும் பாயும் நெறியை அறம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2006: அச்சேறாத பக்கம்

மூன்றாவது நிகழ்ச்சி அதே குழுமத்தின் டெய்லி ஸ்டார் இதழில் நடந்தது. 2006 அக்டோபர் தொடக்கத்தில், முகத்திரை அணிந்த பெண்கள் பற்றி அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா கூறிய கருத்தையொட்டி பிரிட்டன் முழுவதும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. டென்மார்க் இதழொன்றின் கேலிச்சித்திரங்களால் உலகெங்கும் கலவரம் மூண்டதும் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான். இந்தச் சூழலில், இஸ்லாமியச் சட்டம் நடக்கும் நாட்டில் டெய்லி ஸ்டார் எப்படி இருக்கும் என்று முஸ்லிம்களை இழித்துக் காட்டும் நையாண்டிப் பக்கம் ஒன்றைத் தயாரித்தார்கள். பணியிடக் கிளை அவசரமாகக் கூடி, பக்கத்தை நிறுத்தக் கோரியது. நிர்வாகம் நிறுத்தியது.

இதை எப்படிப் பொருள்கொள்வது? இரண்டு வாசிப்புகள் உண்டு. மனச்சாட்சியின் வெற்றி என்பது ஒன்று. கிளையின் தீர்மானத்தில் இருந்த மற்றொரு காரணத்தை முன்வைப்பது இரண்டாவது: வன்முறையாளர் யாரேனும் பழிவாங்கப் புறப்பட்டால் அலுவலகத்தில் இருப்போர் உயிருக்கு ஆபத்து என்ற அச்சமும் அதில் பதிவாகியிருந்தது. எனவே இது அறம் அன்று, அச்சமே என்று இரண்டாம் வாசிப்பு முடிவு கட்டுகிறது.

அச்சத்தை மறைத்து இந்நிகழ்ச்சியைத் துதிபாடுவது நேர்மையாகாது. ஆனால் அச்சம் இருந்ததாலேயே அறம் இல்லை என்பதும் பொருந்தாது. அதே குழுமத்தின் சங்கத்தினர் எந்த அச்சுறுத்தலும் இல்லாத 2001இலும் 2004இலும், பதிலடி கொடுக்கும் வலு சிறிதும் அற்ற அகதிகளுக்காகவும் ரோமா மக்களுக்காகவும் எழுந்து நின்றவர்கள். மேலும், பணியாளரின் உயிர்ப் பாதுகாப்பு என்பது எந்தத் தொழிற்சங்கமும் கூச்சமின்றிப் பேசக்கூடிய பொருள். பக்கத்தில் என்ன வருகிறது என்பதும் அதைச் செய்தவர் பத்திரமாக வீடு திரும்புவாரா என்பதும் அன்று மாலை ஒரே கேள்வியாக இணைந்தன. உள்ளடக்கம் வேறு, வேலை நிலைமை வேறு என்ற பிரிவினை எவ்வளவு செயற்கையானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

நேரமும் கவனிக்கத்தக்கது. வெளியார் எவரும் வெளிவந்த பிறகே புகார் செய்ய முடியும். வெளிவருவதற்கு முன்பே பக்கத்தைக் காண்பவர்கள் உள்ளே வேலை செய்பவர்கள் மட்டுமே. எந்த ஆணையத்தாலும் செய்ய முடியாததைக் கிளை அன்று செய்ததற்கு இதுவே காரணம்.

மறுப்புகளின் எடை

முதல் மறுப்பு பத்திரிகைச் சுதந்திரம் பற்றியது. தொழிலாளர் கூட்டம் போட்டுப் பக்கத்தை நிறுத்தலாம் என்றால், இன்று இனவெறியை நிறுத்தும் கை நாளை ஊழல் அம்பலத்தையும் நிறுத்தலாம் அல்லவா? இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1926 மே மாதத் தொடக்கத்தில், தொழிலாளரைச் சாடிய தலையங்கத்தை அச்சிட டெய்லி மெயில் அச்சுத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். பொது வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க நடந்துகொண்டிருந்த பேச்சை அரசு முறித்துக்கொள்ள அதுவே காரணமாகக் காட்டப்பட்டது. 1984 மே மாதம், சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் நாஜி வணக்கம் செய்வதுபோலத் தோன்றும் படத்தை அச்சேற்ற சன் இதழின் அச்சுத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். இடையில், 1974 முதல் 1976 வரை, சங்க உறுப்பினர் அல்லாதோருக்கு வேலையில்லை என்ற ஏற்பாடு செய்தியறைக்குள் வந்தால் ஆசிரியர் சுதந்திரம் என்னாகும் என்று நாடாளுமன்றத்திலேயே கடும் வாதம் நடந்தது.

இந்த மறுப்பை நான் இலகுவாக ஒதுக்க மாட்டேன். கூட்டாகத் தடுக்கும் அதிகாரம் ஆபத்தானதுதான். ஆனால் எக்ஸ்பிரஸ் கிளை 2004இல் கேட்டது அதுவன்று. எழுதப்பட்ட ஒரு நெறி இருக்கிறது, அந்த நெறிக்குப் புறம்பானதைச் செய்ய மறுக்கும் தனி ஒருவரைத் தண்டிக்காதே என்பதே கோரிக்கை. ஆசிரியர் வேண்டுமானால் தன் கையால் எழுதிக்கொள்ளலாம், இதழ் வெளிவரும். தடுப்பதற்கும் விலகி நிற்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை எதிர்ப்பாளர்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு சுருக்கமானது: பிடிக்காவிட்டால் ராஜினாமா செய்யலாமே? ஒருவர் செய்தார். முஸ்லிம்கள் பற்றிய இதழின் எழுத்தைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி, டெய்லி ஸ்டார் செய்தியாளர் ரிச்சர்ட் பெப்பியாட் 2011 மார்ச்சில் விலகினார். அவர் கடிதம் நாடெங்கும் பேசப்பட்டது. அவருடைய துணிவை மதிக்கிறேன். ஆனால் ராஜினாமா நாற்காலியைக் காலி செய்கிறது, அவ்வளவுதான். அடுத்த நாள் முறைக்கூலிக்கு வரும் இளைஞர் அதில் உட்கார்ந்து அதே கட்டுரையை எழுதுவார். வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் உள்ளவரிடம் வேலையை விடு என்று அறிவுரை சொல்வது, மனச்சாட்சியை வசதி படைத்தோரின் உடைமையாக்குவது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இவற்றால் என்ன பயன் விளைந்தது? 2006இன் ஒற்றைப் பக்கம் தவிர, ஏதுமில்லை என்பதே நேரான விடை. 2011 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் குழுமம் புகார் ஆணையத்தின் கட்டமைப்பிலிருந்தே விலகிவிட்டது. 2018இல் குழுமம் கைமாறி, புதிய ஆசிரியராக வந்த கேரி ஜோன்ஸ், தன் இதழின் பழைய முதல் பக்கங்களில் சில மிக இழிவானவை, முஸ்லிம் வெறுப்புக்கு அவை துணைபோயின என்று நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். மாற்றம் உரிமையாளர் மாறியபோதுதான் வந்தது; கிளையால் வரவில்லை. ஆயினும் 2018இல் ஆசிரியர் சொன்னதை அதே இதழின் பணியாளர்கள் 17 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் சொல்லியிருந்தார்கள். அன்றைய அளவுகோல் வேறு, யாருக்கும் தவறென்று தோன்றவில்லை என்று இனி எவரும் சொல்ல இயலாதபடி அந்தக் கடிதங்கள் நிற்கின்றன.

கூலி பேசும் வலுவும் மறுக்கும் வலுவும்

கிளைக்கு வேறு ஆயுதமே இல்லையா? வேலைநிறுத்தம் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் காக்கும் தொழில் தகராறு என்பது முழுவதும் அல்லது பெரும்பாலும் வேலை நிலைமைகள் முதலியன பற்றியதாக இருக்கவேண்டும். இதழின் கொள்கைக்காக வேலைநிறுத்தம் செய்தால் அந்தக் காப்பு கிட்டாத அபாயம் பெரிது; நிர்வாகம் நீதிமன்றத்தில் தடையும் இழப்பீடும் கேட்கலாம். ஆணையமோ இது வேலை விஷயம் என்றது. சட்டமோ இது வேலை விஷயமன்று என்று சொல்லக்கூடும். இரண்டு கதவுக்கும் நடுவில் செய்தியாளர் நிற்கிறார்.

எனினும் கூலி பேசும் கிளை இருந்த இடத்தில்தான் இந்த மறுப்பும் எழுந்தது. ரூப்பர்ட் முர்டாக்கின் நிறுவனம் 1986 ஜனவரியில் தன் இதழ்களை லண்டனின் வாப்பிங் பகுதிக்கு மாற்றியபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சு, அலுவலகத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். மறுத்து வெளியே நின்ற சில பத்திரிகையாளர்கள் நீங்கலாக மற்றோர் உள்ளே போனார்கள். பின்னர் அங்கே என்.யூ.ஜே. அங்கீகாரம் இழந்தது, நிர்வாகத்துக்கு இசைவான பணியாளர் அமைப்பொன்று அந்த இடத்தைப் பிடித்தது. டெய்லி மெயில் நிறுவனம் கூட்டுப்பேரத்தை விட்டுத் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோருக்கு மட்டும் கூடுதல் ஊதியம் என்றது. மறுத்த சங்கத்துக்காரர் டேவிட் வில்சனின் வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் வரை போனது. சங்கத்தைக் கைவிடுவதற்குப் பணம் கொடுப்பதை அனுமதித்த பிரிட்டிஷ் சட்டம் சங்கம் சேரும் உரிமைக்கு முரண் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002 ஜூலையில் தீர்ப்பளித்தது.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு அம்பலமாகி முர்டாக் நிறுவனத்தின் நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் இதழ் 2011 ஜூலையில் மூடப்பட்டபோது, அங்கே சுதந்திரமான சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. சங்கம் இருந்திருந்தால் ஒட்டுக்கேட்பு நடந்தேயிருக்காது என்று வாதிடுவது மிகை. ஆனால் அந்த ஆண்டுகளில் முடியாது என்று சொல்ல நினைத்தவர் யாரிடம் போய்ச் சொல்வது? சண்டே எக்ஸ்பிரஸில் சேப்பலின் தாயாக இருந்து பின்னர் என்.யூ.ஜே. பொதுச் செயலாளரான மிஷெல் ஸ்டானிஸ்ட்ரீட், ஒட்டுக்கேட்பு அம்பலத்தையடுத்துப் பத்திரிகைகளின் நடைமுறைகளை ஆராய அமைந்த லெவசன் விசாரணையில் எழுப்பிய வாதத்தின் சாரம் இதுவே. செய்தியறை மிரட்டல்கள் பற்றிப் பத்திரிகையாளர் பலரின் வாக்குமூலத்தைப் பெயர் வெளியிடாமல் அவர் அங்கே சமர்ப்பிக்க நேர்ந்ததே நிலைமையை உணர்த்தும்.

பிரான்சின் வழியும் லெவசன் பரிந்துரையும்

பிரான்சில் 1935 மார்ச் 29ஆம் நாளின் சட்டமே ஒரு மனச்சாட்சி விதியைத் தந்தது. இதழின் தன்மையோ கொள்கையோ குறிப்பிடத்தக்க அளவு மாறி, அதனால் தன் மதிப்புக்கும் தார்மீக நலனுக்கும் பழுது வந்தால், பத்திரிகையாளர் தானாக விலகலாம். வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்குரிய இழப்பீடு, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாத ஊதியம் என்ற கணக்கில், அவருக்குக் கிடைக்கும். ராஜினாமா செய்யலாமே என்ற கேள்விக்கு நாணயமான பதில் இது. ஆனால் இது வெளியேறும் உரிமை. எக்ஸ்பிரஸ் கிளை கேட்டது உள்ளே இருந்துகொண்டே மறுக்கும் உரிமை. இரண்டில் பின்னதே கடினமானது, வாசகருக்கு நன்மை தருவதும் பின்னதே என்பது என் கணிப்பு: மறுப்பவர் நாளையும் செய்தியறையில் இருப்பார்.

2012 நவம்பர் 29இல் வெளியான லெவசன் அறிக்கை இந்தத் திசையில் ஓரடி வைத்தது. நெறித்தொகுப்புக்கு மாறாகச் செயல்பட மறுத்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை இராது என்ற விதியை ஒப்பந்தங்களில் சேர்க்கக் கோருவது பற்றிப் புதிய கண்காணிப்பு அமைப்பு சிந்திக்க வேண்டும் என்றது. உள்ளிருந்து தகவல் தருவோருக்குத் தொலைபேசி வழியையும் பரிந்துரைத்தது. 2014 செப்டம்பரில் புகார் ஆணையத்தின் இடத்தில் தொடங்கிய கண்காணிப்பு அமைப்பான இப்சோ தொலைபேசி வழியை ஏற்படுத்தியது. மனச்சாட்சி விதிக்காக என்.யூ.ஜே. தொடர்ந்து குரல் எழுப்புகிறது. தன் சொந்த நடத்தை நெறியின் இன்றைய வடிவில் மறுக்கும் உரிமையை எழுதியும் வைத்திருக்கிறது.

அந்த விதி ஒப்பந்தங்களில் வந்தாலும் எக்ஸ்பிரஸ் நிகழ்ச்சிகள் எழுப்பும் ஒரு சிக்கல் தீராது. 2001இலும் 2004இலும் புண்படுத்தியவை முதன்மையாகத் தலைப்புகள். தலைப்பை ஒருவர் எழுதுவதில்லை. செய்தியாளர் தந்த பிரதியை உதவி ஆசிரியர் வெட்டுகிறார், பக்க அமைப்பாளர் இடம் ஒதுக்குகிறார், இரவு ஆசிரியர் சொல்லை மாற்றுகிறார். செய்தியாளர் நிதானமாக எழுதிய பத்தியின் தலையில் வேறொருவரின் கூச்சல் ஏறி உட்கார்ந்துவிடும். தனி ஒருவர் மறுக்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது; பல கைகள் தொட்ட பக்கத்துக்கு முன் பல கைகளும் சேர்ந்துதான் நிற்க முடியும். இன்றைய செய்தியறைகளில் தற்காலிக ஒப்பந்தக்காரர்களும் கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் பெறுவோரும் பெருகிவிட்டார்கள். அவர்கள் அன்று மாலை கூடுவதற்கு ஒரு பணியிடக் கிளை இருக்கிறதா, இருந்தால் அதில் அவர்களுக்கு இடமுண்டா என்பதைப் பொறுத்தே விதியின் பயனும் அமையும்.